அந்தப் பக்கத்து ரிசீவர்

கடற்கரையில் பிறந்துவிட்டு அலையைக் கண்டால் குமட்டுகிற ஒருவர் என்று நான் பார்த்தது வேதநாயகத்தைத்தான். பட்டினப்பாக்கத்துக்காரர். அப்பாவுக்குச் சொந்தக் கட்டுமரம் இருந்தது, அண்ணன்கள் இரண்டு பேரும் அதில்தான் போனார்கள். இவர் மூன்று தடவை போய் மூன்று தடவையும் வாந்தியெடுத்துத் திரும்பியதால் குப்பத்தில் 'கரை வேதா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதைச் சொல்லி அவரே சிரிப்பார். கோடம்பாக்கம் ஸ்டுடியோக்களில் விளக்குத் தூக்கி, அப்படியே ஒயரிங் பழகி, தி.நகரில் பர்கிட் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த எங்கள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். கட்டடங்களுக்குத் தீ எச்சரிக்கை மணி பொருத்துகிற கம்பெனி. நான் அங்கே டைப்பிஸ்ட், டெலிபோன் எடுக்கிறவள், முதலாளி கோதண்டபாணிக்குக் கோபம் வந்தால் முதலில் கையில் அகப்படுகிறவள்.

என் பெயர் நீரஜா. மயிலாப்பூர் மாடவீதியில் பிறந்து வளர்ந்தவள். வேதநாயகம் வந்த முதல் மாதம் அவருடைய சாப்பாட்டு டப்பாவில் என்ன இருக்குமோ என்று நான் என் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விடுவேன். அதைக் கவனித்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். அது எனக்காகத்தான் என்பது உறைக்கவே ஒரு வருஷம் ஆயிற்று. எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் நான் வெட்கப்பட வேண்டிய இடம் இது ஒன்றுதான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அவருக்கு ஜோடி மீர்சாகிப்பேட்டை ஷாஹுல் ஹமீது. ஷாஹுல் நெட்டை, வேதநாயகம் குட்டை. ஷாஹுல் இங்கிலீஷ் புத்தகத்தைக் கடகடவென்று படிப்பார், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். வேதநாயகத்துக்குத் தமிழே தட்டுத்தடுமாறித்தான். ஆனால் எந்த ஒயரை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். "எழுதறது பாய், முறுக்கறது நானு" என்று வேலையைப் பிரித்துக்கொண்டு ஆறு வருஷம் ஒரே ஸ்கூட்டரில் சுற்றினார்கள். ஒருவர் லீவு போட்டால் மற்றவர் ஆபீசில் உட்கார்ந்து ஸ்குரூ டிரைவர்களைத் துடைத்துக்கொண்டிருப்பார். தனியாகப் போங்கள் என்று முதலாளி கத்தினாலும் போகமாட்டார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. தொண்ணூற்றைந்து வாக்கில் புது மாதிரிப் பேனல்கள் வர ஆரம்பித்தன. பேனல் என்றால் சுவரில் மாட்டுகிற இரும்புப் பெட்டி, எந்த மாடியில் புகை என்று அதன் சின்னத் திரையில் எழுத்து ஓடும். ஒரே கட்டடமென்றால் ஒரு பெட்டி போதும். இரண்டு மூன்று கட்டடமென்றால் பெட்டிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும். அதற்காக ஒவ்வொன்றுக்குள்ளும் நெட்வொர்க் கார்டு என்று உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைத் தகடு இருக்கும். முதல் கார்டிலிருந்து இரண்டாவதுக்கு, அதிலிருந்து மூன்றாவதுக்கு, மூன்றாவதிலிருந்து திரும்ப முதலாவதுக்கு என்று முறுக்கிய ஜோடி ஒயரை வளையமாகக் கொண்டுபோவார்கள். ஒரு பக்கம் அறுந்தாலும் சேதி மறுபக்கமாகச் சுற்றி வந்துவிடும். இரண்டு பக்கமும் போனால் அந்தப் பெட்டி தனி. பக்கத்திலேயே தீப்பிடித்தாலும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நிற்கும், மற்ற கட்டடத்தில் யாருக்கும் தெரியாது.

ஆகவே ஒயரை மாட்டும்போது இந்தக் கட்டடத்தில் ஒருவர், அந்தக் கட்டடத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அப்போது ஏது செல்போன்? ரிச்சி தெருவில் பழைய டெலிபோன் ரிசீவர் இரண்டு வாங்கி, ஒரு சின்ன பாட்டரியைச் சேர்த்து, குழாய்க்குள் சும்மா கிடக்கும் உபரி ஒயரில் மாட்டிப் பேசுவார்கள். கறுப்பு ரிசீவர் ஷாஹுலுடையது, சிவப்பு வேதநாயகத்துடையது. கம்பெனி சாமான் இல்லை, சொந்தக் காசு. ஒயரைத் தொடுவதற்கு முன்னால் ஒருவர் "கீறியா?" என்பார், இருக்கிறாயா என்று அர்த்தம். மற்றவர் "கீறேன் நைனா" என்பார். வேலை முடிந்து பெட்டியை மூடுவதற்கு முன்னால் மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். அந்தப் பக்கத்துக் குரல் கேட்காமல் இவர்கள் எந்தப் பெட்டியையும் மூடியதில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம். மெயின் கட்டடம், பின்னால் கோடவுன், புதிதாகக் கட்டிய பக்கத்துக் கட்டடம் என்று மூன்று. மூன்று பெட்டிகளை வளையமாகச் சேர்த்தது இவர்கள்தான். தொண்ணூற்றேழு விஜயதசமி அன்று புதுக் கட்டடத்தில் விடியற்காலை ஹோமம் வைத்தார்கள். ஹோமம் என்றால் புகை வராமல் இருக்குமா? புகை வந்தால் மூன்று கட்டடத்திலும் மணி அடிக்கும். எனவே ஊரில் எங்கே கணபதி ஹோமம் என்றாலும் எங்கள் ஆட்கள் போய் முதலில் அந்தக் கட்டடத்து மணியை நிறுத்தி, கார்டிலிருந்து இரண்டு பக்கத்து ஒயரையும் கழற்றுவார்கள். பூஜை முடிந்ததும் மாட்டிவிட்டுச் சுண்டலோடு வருவார்கள். வெளிநாட்டில் பேனல் செய்தவன் இப்படி ஒரு தேவையைக் கனவில்கூடக் கண்டிருக்கமாட்டான்.

அன்றும் இரண்டு பேரும் ஐந்து மணிக்குப் போய்க் கழற்றினார்கள். பூஜை ஏழரைக்கு முடிந்தது. ஆனால் சாஸ்திரிகள், குண்டத்து நெருப்பில் தண்ணீர் விடக்கூடாது, அது தானாக அடங்க வேண்டும், சாயந்தரம்வரை யாரும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அதுவரை புகைந்துகொண்டிருக்கும். ஷாஹுலோ மதியம் வேலூர் பஸ் பிடிக்க வேண்டும். அங்கே அவர் தங்கைக்கு ஆபரேஷன்.

"நீ கெளம்பு பாய். ஏழு மணிக்கு நான் வந்து, செக்யூரிட்டிய அந்தாண்ட நிக்க வச்சு மாட்டிக்கிறேன்" என்றார் வேதநாயகம்.

"புக்கு?"

"நீயே எழுதி வச்சுட்டுப் போ. எனக்கு எங்க எழுத வருது?"

பெட்டிக் கதவுக்குள் தொங்குகிற பதிவுப் புத்தகம் அது. எப்போது கழற்றினார்கள், எப்போது மாட்டினார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஷாஹுல் காலை ஐந்து மணிக்குக் கழற்றியதையும் எழுதினார், இரவு ஏழு மணிக்கு மாட்டியதாகவும் எழுதினார். இரண்டுக்கும் கீழே தன் அச்சுக் கையெழுத்தைப் போட்டுவிட்டு பஸ் ஏறினார். வேதநாயகம் ஒரு வேலையைச் செய்கிறேன் என்று சொன்னால் அது முடிந்த மாதிரி என்பது அவர் கணக்கு. ஆறு வருஷமாக அந்தக் கணக்கு பிசகியதில்லை.

அன்று பிசகியது. வேதநாயகத்தின் ஒரே பெண் ஜாஸ்மினைப் பார்க்க அடுத்த வாரம் வருவதாக இருந்த ராயபுரத்துக்காரர்கள், லீவு நாள்தானே என்று அன்று சாயந்தரமே வந்து இறங்கிவிட்டார்கள். மீன் விற்கப் போயிருந்த மனைவி தேசம்மாவை ஸ்டாலிலிருந்து கூட்டிவந்து, கடன் நாற்காலி வாங்கிப் போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, பையனுக்கு ஹார்பரில் வேலை என்று கேட்டு உச்சி குளிர்ந்து, பேச்சு முடிவாகி, பாதிரியாரையும் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் மணி பத்து. சந்தோஷத்தில் மனிதர் மறந்துவிட்டார். மறுநாளும் மறந்தார், அதற்கு மறுநாளும். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

மெயின் கட்டடத்துப் பேனலில் ஒரு கட்டடத்தைக் காணோம் என்று மஞ்சள் விளக்கு மினுக்கிக்கொண்டேதான் இருந்தது. பூஜைக்குக் கழற்றினது, வந்து மாட்டுவார்கள் என்று செக்யூரிட்டி அதன் கீச்சுச் சத்தத்தை அமுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை காலை புதுக் கட்டடத்து இரண்டாம் மாடியில் யாரோ அணைக்காமல் விட்ட இஸ்திரிப் பெட்டியிலிருந்து தீ கிளம்பியது. அந்தக் கட்டடத்துப் பெட்டிக்கு எல்லாம் தெரிந்தது, எந்த மாடி, எந்த மூலை என்று திரையில் எழுதிக்கொண்டு நின்றது. படிக்கத்தான் ஆள் இல்லை. தீபாவளிக்கு வந்திறங்கிய பட்டெல்லாம் போயிற்று. கடை திறக்காத நேரமானதால் யாருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. அதற்கு எந்தத் தெய்வத்துக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் நான் எல்லாத் தெய்வத்துக்கும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை முதலாளி அறையில் விசாரணை. இன்ஷூரன்ஸ்காரர், கடை மேனேஜர், இவர்கள் இரண்டு பேர், சுருக்கெழுத்து நோட்டோடு நான். பதிவுப் புத்தகம் மேஜைமேல் கிடந்தது, ஓரம் கருகியிருந்தது.

"ஏழு மணிக்கு மாட்டினதா எழுதியிருக்கு. இது யார் கையெழுத்து?" என்றார் முதலாளி.

"என்னுதுதான் சார்" என்றார் ஷாஹுல்.

"மாட்டினியா?"

ஷாஹுல் திரும்பி வேதநாயகத்தைப் பார்த்தார். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் பார்த்தார். வேதநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின நாள்தான் மாப்பிள்ளை வீட்டார் தேதி குறித்து அனுப்பியிருந்தார்கள். வேலை போன வீட்டில் பெண் எடுப்பார்களா என்று அந்த நிமிஷம் அவர் மனதில் ஓடியிருக்கும். என் பென்சில் நோட்டின்மேல் நின்றுகொண்டிருந்தது. இந்த மனிதர் இப்போது வாயைத் திறப்பார், இதோ திறப்பார் என்று நானும் காத்திருந்தேன். அவர் திறக்கவில்லை.

"எழுதினது நான் சார்" என்றார் ஷாஹுல்.

மாட்டாததை மாட்டியதாகப் பொய்க் கையெழுத்துப் போட்டவர் என்று வேலைநீக்கக் கடிதம் தயாரானது. டைப் அடித்தது நான். இந்த வேலை செய்கிற மற்ற கம்பெனிகளுக்கும் நகல் போக வேண்டும் என்று முதலாளி சொன்னார், அதையும் அடித்தேன். மொத்தம் ஆறு காப்பி. ஷாஹுல் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக அதே அச்சுக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, "வரேம்மா" என்று சொல்லிப் படியிறங்கினார். வேதநாயகம் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர் அரை மணி நேரம் வெளியே வரவில்லை. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்கியிருக்கலாம்.

மூன்று மாதம் அவர் வேலைக்கு வந்தார், போனார். யாரோடு ஜோடி போட்டாலும் ஒத்துவரவில்லை. ஒயரை மாட்டிவிட்டு அவரே நடந்து அடுத்த கட்டடத்துக்குப் போய்த் திரையைப் பார்ப்பார், திரும்பி வந்து பெட்டியை மூடுவார். ஒரு நாள் வேலை இரண்டு நாள் ஆகிறதென்று முதலாளி கத்துவார். ஒரு தரம் மாடிப்படியில் என்னிடம், "கல்யாணம் முடியட்டும்மா, சொல்லிடறேன்" என்றார். நான் தலையாட்டினேன்.

ஜனவரியில் கல்யாணம். நான் போயிருந்தேன். ஜாஸ்மின் வெள்ளைப் புடவையில் அழகாக இருந்தாள். தேசம்மா என் கையைப் பிடித்து இழுத்துப்போய் எனக்கென்று தனியாகச் செய்த சாம்பார் சாதத்தைக் காட்டினார். வேதநாயகம் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலையே பார்த்தபடி நின்றார். ஷாஹுலுக்குப் பத்திரிகையைத் தபாலில்தான் அனுப்பியிருந்தார், நேரில் கொடுக்க முகமில்லை. ஷாஹுல் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு வேதநாயகம் முதலாளி அறைக்குள் போய்ச் சொல்லிவிட்டார். "நான்தான் சார் மாட்டறேன்னு சொன்னேன். மறந்துட்டேன். பாய் மேல தப்பே இல்ல." கதவு திறந்திருந்தது, எனக்குக் கேட்டது. முதலாளி கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, இன்ஷூரன்ஸ் அந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் முடிந்தது, இனிமேல் அதைக் கிளறினால் கம்பெனியே போய்விடும், வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றார். இவ்வளவு நாள் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைக்கப் போனவருக்கு இடமே கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்வதற்கும் ஒரு நேரம் இருக்கிறது போலும், அந்த நேரம் ஒரு வெள்ளிக்கிழமையோடு போய்விட்டது.

சாயந்தரம் அவர் என்னிடம் ஷாஹுலின் இப்போதைய விலாசம் கேட்டார். நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். ஜாம்பஜார் பக்கம் ஒரு மிக்ஸி ரிப்பேர் கடையில் ஷாஹுல் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், டீ சொன்னார். அந்த மரியாதை எங்கள் இரண்டு பேரையும் கொன்றது.

"சொல்லிட்டேன் பாய். ஓனராண்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றார் வேதநாயகம்.

"எப்போ?"

"இன்னிக்குக் காலைல."

ஷாஹுல் தலையாட்டிக்கொண்டார். "பாப்பா கல்யாணம் நல்லபடியா நடந்துச்சா?"

"நடந்துச்சு."

"சந்தோசம்." டீ வந்தது. ஷாஹுல் தன் டம்ளரைத் தொடவில்லை. "வேல போனது இன்னா பெருசு நைனா. அல்லா எங்கியோ ஒரு வேல குடுத்துட்டான். அன்னிக்கு அந்த ரூம்புல உன் மூஞ்சியப் பார்த்தேனே, கீறியான்னு கேட்டேன். வாயால கேக்கல, அவ்ளோதான். நீ ஒண்ணும் சொல்லல."

வேதநாயகம் அழுதார். ஐம்பது வயது ஆள் நடுக்கடையில் உட்கார்ந்து முகத்தை மூடாமல் அழுதார். ஷாஹுல் அவர் தோளில் கை வைக்கவில்லை. வைப்பார் என்று நான் நினைத்தேன். உள்ளே போய்ப் பழைய துணியில் சுற்றிய எதையோ கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். கறுப்பு ரிசீவர்.

"என்னாண்ட கெடந்து இன்னா பண்ணப்போவுது. ஒனக்கு வேலைக்கு ஆவும், வச்சுக்கோ" என்றார்.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். இதுவரை ஒன்றைச் சொல்லாமலே வந்திருக்கிறேன், இனிமேல் தள்ளிப்போட முடியாது. அந்த விஜயதசமி அன்று ஆபீஸ் அரை நாள்தான். ஒரு டெண்டரை டைப் அடிக்க நான் நாலு மணிவரை உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு வேதநாயகம் போன் செய்தார். "நீரஜாம்மா, ராயபுரத்துலேர்ந்து வந்துக்கினு கீறாங்களாம். அவங்க வந்துட்டா எனக்கு ஒண்ணும் நெனப்பு இருக்காது. ஆறு மணிக்கு எங்க பக்கத்து மளிகைக் கடைக்கு ஒரு போன் போட்டு, ஜவுளிக்கடையில ஒயர் மாட்டணும்னு சொல்லுங்கம்மா" என்று நம்பர் கொடுத்தார். "சொல்லிடறேன், கவலைப்படாதீங்கோ" என்றேன். சீட்டில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். எங்கள் ஆத்தில் போன் இருந்தது. கொலுவுக்கு வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கும் சுண்டலும் கொடுத்துக்கொண்டிருந்தேன், ஆறு மணி போனதே தெரியவில்லை. திங்கட்கிழமை கைப்பையில் அந்தச் சீட்டு அகப்பட்டது. அவர்தான் போயிருப்பாரே என்று கசக்கிப் போட்டேன். தீப்பிடித்தது அதற்கு இரண்டு நாள் கழித்து.

விசாரணை அறையில் ஷாஹுல் வேதநாயகத்தைப் பார்த்தார். வேதநாயகம் தரையைப் பார்த்தார். என்னைப் பார்க்க வேண்டும் என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. அது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

பஸ் ஸ்டாப்பில் கேட்டேன். "அந்தப் போனைப் பத்தி முதலாளிகிட்டயும் சொல்லலை, ஷாஹுல்கிட்டயும் சொல்லலை. ஏன்?"

அவர் கறுப்பு ரிசீவரைத் துணியோடு பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். "இன்னாத்துக்கும்மா? ஒருத்தர் போனது பத்தாதா?" என்றார். பஸ் வந்தது, ஏறிக்கொண்டார். மறுநாள் நான் முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பாவுக்குப் பென்ஷன் போதவில்லை, தங்கை படித்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கும் காரணங்கள் இருந்தன. காரணம் இல்லாத ஆள் யார்?

அந்த வருஷம் ஆகஸ்டில் அடையாறு ஆஸ்பத்திரி ஒன்றில் புதுப் பிளாக்குக்கு நெட்வொர்க் கார்டு கொடுத்துவரச் சொல்லி முதலாளி என்னை அனுப்பினார். வேதநாயகம் தனியாக இருந்தார். ஜோடி ஆள் வரவில்லை, முட்டி வீங்கி நொண்டிக்கொண்டிருந்தார். இந்த நிலையில் இரண்டு கட்டடத்துக்கும் நடந்து நடந்து பார்க்கப் போகிறார் என்பது தெரிந்தது.

"நான் அந்தப் பக்கம் நிக்கறேன்" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பைக்குள் கைவிட்டுச் சிவப்பு ரிசீவரை எடுத்துக் கொடுத்தார். கறுப்பை அவர் வைத்துக்கொண்டார். பழைய பிளாக்கில் பெட்டியைத் திறந்து, அவர் சொல்லிக்கொடுத்தபடி கிளிப்பை ஒயரில் மாட்டிவிட்டு, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். மஞ்சள் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அவர் கேட்கப்போகிற கேள்வி எனக்குத் தெரியும். அதற்கு என் பாஷையில் பதில் சொல்வதா அவர் பாஷையில் சொல்வதா என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

கரகரவென்று சத்தம் வந்தது. அவர் மூச்சு விடுவது கேட்டது. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.

"மாட்டிட்டேன்" என்றார் கடைசியில். "மஞ்ச லைட்டு அணைஞ்சுதாம்மா?"

"அணைஞ்சுடுத்து."

"சரி, மூடிட்டு வாங்க."

அவ்வளவுதான். அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்கவில்லை.